மூங்கில் துணி என்று வாங்கியது ஈரத்தில் கிழிகிறது, குழந்தை உடுப்புக்கு வேறு என்ன எடுக்கலாம்?

பொன்னம்மாபேட்டை தையலகம்

வணக்கம். சேலம் பொன்னம்மாபேட்டையில் நாலு மிஷின் போட்டுக் குழந்தை உடுப்பு தைக்கிறேன், கைக்குழந்தையிலிருந்து ஆறு வயது வரைக்கும். போன மாதம் ஒரு அம்மா வந்து, மகள் பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி 35 உடுப்பு வேண்டும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் இல்லாத துணியாகப் பார்த்துத் தையுங்கள், விலை கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை என்றார். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மனசு நிறைந்து ஒப்புக்கொண்டேன்.

ஒரு மொத்த வியாபாரியிடம் விசாரித்தேன். நூறு சதவீதம் மூங்கில் துணி, பூச்சிமருந்தே கிடையாது, கிருமி அண்டாது என்று சொல்லி மீட்டர் 340 ரூபாய்க்குக் கொடுத்தார். தொட்டால் வழவழவென்று இருந்தது. ஓரத்தில் நாலு இழை உருவி நெருப்பில் காட்டிப் பார்த்தேன். காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் பொடியாக உதிர்ந்தது, கெட்டியாக உருண்டை கட்டவில்லை. பாலியஸ்டர் இல்லை என்று நிம்மதியாகி 12 மீட்டர் எடுத்தேன். மாதிரிக்கு ஒரு கவுன் தைத்து நனைத்துப் பிழிந்தால் கக்கத்தில் கிழிந்துவிட்டது. தையல் பிரியவில்லை, தையலுக்குப் பக்கத்தில் துணியே விட்டிருக்கிறது. அதே துணியைக் காய்ந்தபடி இழுத்தால் ஒன்றும் ஆவதில்லை.

வியாபாரி நீங்கள் முறுக்கிப் பிழிந்திருப்பீர்கள் என்கிறார். குழந்தைத் துணியை முறுக்கிப் பிழியாமல் யார் துவைப்பார்கள்? இது என்ன துணி, இதற்குப் பதில் என்ன எடுப்பது? ஐந்து வாரம் இருக்கிறது.

குகைத்தறி

தங்கச்சி, நெருப்புச் சோதனை இந்த இடத்தில் கைகொடுக்காது. பருத்தியும், மரக்கூழைக் கரைத்துச் செய்கிற விஸ்கோஸும் ஒரே மாதிரிதான் எரியும், இரண்டும் செடியின் நார்ச்சத்துதான். ஒரு இழையை உருவி, நடுவில் மட்டும் நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். ஈரம் பட்ட இடத்திலேயே பட்டென்று அறுந்தால் விஸ்கோஸ். பருத்தி இழை ஈரத்தில் இன்னும் பலமாகும், அது காய்ந்த இடத்தில்தான் அறும். ஊடைக்கு, அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற இழைக்கு, நூல் வாங்கும்போது என் அப்பா நூல்சிட்டத்தில் கைவைத்ததும் முதலில் இதைத்தான் செய்வார்.

பொன்னம்மாபேட்டை தையலகம்

செய்து பார்த்துவிட்டேன் அண்ணா. மூன்று இழையும் ஈரத்திலேயே அறுந்தது. தாவணித் துணியிலிருந்து ஒரு பருத்தி இழையும் எடுத்துப் பார்த்தேன், அது காய்ந்த பக்கம்தான் போனது.

அப்படியானால் மூங்கில் என்று சொன்னது பொய்யா?

கைத்தறி டிப்ளமோ

முழுப் பொய் என்று சொல்ல முடியாது அக்கா. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படிக்கிறேன், இது எங்கள் பாடத்திலேயே வருகிறது.

மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டை சல்பைடு சேர்த்துத் தேன் பதத்தில் கரைசலாக்கி, சிறு துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக உறையும். யூகலிப்டஸ் கூழைப் போட்டாலும் இதே கதைதான், வெளியே வருவது விஸ்கோஸ். மூங்கிலுக்கு மருந்து அடிக்க வேண்டாம், வெட்டினால் தானே தளிர்க்கும் என்பதெல்லாம் உண்மை. அந்த நல்ல குணம் தோட்டத்தோடு நின்றுவிடுகிறது. கார்பன் டை சல்பைடு ஆலையில் வேலை செய்கிறவர்களின் நரம்பைத் தாக்குகிற வாயு. கிருமி அண்டாது என்பதற்கும் ஆதாரம் கிடையாது, கூழாகிக் கரைந்து திரும்ப உறைந்த இழையில் மூங்கிலின் குணம் தங்கியிருக்க வழியில்லை. விஸ்கோஸை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்காவில் 2022-ல் இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

இதே மரக்கூழில் லையோசெல் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் கார்பன் டை சல்பைடு வேண்டாம், அமீன் ஆக்சைடு என்கிற ஒரு கரைப்பான்தான். அந்தக் கரைப்பானை 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டுத் திரும்பத் திரும்ப அதே ஆலையிலேயே பயன்படுத்துகிறார்கள். ஈரத்திலும் பலம் அதிகம் குறையாது. ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் டென்செல் என்ற பெயரில் விற்பது இதுதான். மரக்கூழ்த் துணிகளில் என்னைக் கேட்டால் இது ஒன்றை நம்பி வாங்கலாம், ஆனால் சில்லறையாக 40, 50 மீட்டர் கேட்டால் நம் ஊரில் கிடைப்பது சிரமம்.

இளம்பிள்ளை விசைத்தறி

பாட்டில் பாலியஸ்டரைப் பற்றி யாருமே பேசவில்லையே. குடித்துவிட்டு எறிந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவி, நொறுக்கி, உருக்கி இழையாக்குகிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீலக் கோட் போட்டுக்கொண்டு போனாரே, அது பாட்டில் துணிதான், நம் பக்கத்துக் கரூர்க்காரர்கள் செய்தது. அதில் எனக்கு முக்கியமான விஷயம் வேறு. இழை உருக்கும்போதே நிறப்பொடியைக் கலந்துவிடுகிறார்கள், நூல் வரும்போதே நிறத்தோடு வருகிறது, சாயத்தொட்டிக்கே போக வேண்டியதில்லை. நான் இரண்டு தறிக்கு அந்த நூல்தான் போடுகிறேன். நிறம் கொஞ்சம்தான் கிடைக்கும், ஒரு நிறத்தில் டன் கணக்கில் எடுத்தால்தான் புது நிறம் போட்டுத் தருவார்கள், அது ஒன்றுதான் குறை. சாயம் ஒரு சொட்டும் போகாது.

இளம்பிள்ளைச் சேலை என்றால் மட்டம் என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நாங்கள் நெய்கிற சேலையைப் பத்து வருடம் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் கட்டுகிற துணியைவிட எது பூமிக்கு நல்லது?

மணிமுத்தாற்றங்கரை

அண்ணா, உங்கள் தறியைக் குறை சொல்லவில்லை. சாயத்தொட்டி இல்லாத நூல் என்று கேட்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் குழந்தைத் துணியைத் தினமும் துவைக்கிறோம். ஒவ்வொரு துவைப்பிலும் பாலியஸ்டர் கண்ணுக்குத் தெரியாத தூசி இழையை உதிர்க்கிறது, பாட்டிலாக இருந்தாலும் புதிதாக இருந்தாலும். பருத்தித் தூசி மக்கும், இது மக்காது. தினமும் கட்டாத சேலைக்கு ஒரு நியாயம், தினமும் நனைகிற சட்டைக்கு வேறு நியாயம்.

நான் உத்தமசோழபுரத்தில் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு என்று வெளியூரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் சிவப்பு, மழைக்கு மறுநாள் வெள்ளை நுரை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் எனக்கு ஒரே கேள்விதான். மூங்கிலோ வாழையோ பருத்தியோ, அந்தத் துணிக்கு நிறம் போட்ட தண்ணீர் எங்கே போனது? அதைச் சொல்லாமல் நல்ல துணி என்று எழுதி ஒட்டினால் நான் வாங்க மாட்டேன்.

சாயத்தொட்டி

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருடமாகச் சாயத்தொழில், இப்போது சுத்திகரிப்பு இருக்கிற பட்டறையில் நிறம் கலக்கிறேன். மழுப்பாமல் எழுதுகிறேன்.

பருத்திக்கு வழக்கமாகப் போடுகிற ரசாயனச் சாயம் ரியாக்டிவ் சாயம், அது ஏற உப்பு வேண்டும். பருத்தி இழை சாயத்தைச் சும்மா இழுக்காது, தண்ணீரிலேயே நிற்கும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலை நோக்கித் தள்ளப்படும். கரும்பச்சை, மெரூன், கறுப்பு மாதிரி அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாதிரித் திறந்த தொட்டியில் சிட்டத்தைத் தடியில் மாட்டித் திருப்புவோம், ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர். பெருக்கிப் பாருங்கள், ஒரு கிலோ நூலுக்கு 1.2 கிலோ உப்பு. நூலின் எடையைவிட உப்பு அதிகம். அந்த உப்பில் ஒரு சிட்டிகைகூட நூலில் தங்காது, முழுதும் தண்ணீரோடு வெளியேதான் போகும். சாயத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள், நிறத்தை எடுப்பது சுலபம். அந்தத் தங்கச்சி வீட்டுக் கிணறு கெட்டதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத இந்த உப்புதான்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவில் கெட்டுப்போன பிறகு வந்த உத்தரவு அது. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை அங்கே உறுதியாக வந்தது. சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிச்ச உப்புநீரைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்து, மீதியைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். செலவு அதிகம், மின்சாரம் அதிகம், வேறு வழியும் இல்லை. புதுமை புதுமை என்று நார்வகையைப் பற்றியே பேசுகிறோம், எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் கடந்த பதினைந்து வருடத்தில் நடந்த பெரிய புதுமை அதுதான்.

தையலகம் தங்கச்சிக்கு உடனே செய்யக்கூடிய ஒரு வழி சொல்கிறேன். அடர்ந்த நிறம் கேட்காதீர்கள். வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் மாதிரிக்கு உப்பு மூன்றில் ஒரு பங்கு போதும், அலசவும் குறைவாகத்தான் வேண்டும். மூடிய இயந்திரத்தில் போட்டால் ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீரில் முடியும். 1.2 கிலோ உப்பு 160 கிராமுக்கு வந்துவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மணிமுத்தாற்றங்கரை

இத்தனை வருடத்தில் சாயத்தொழிலில் இருக்கிற ஒருவர் எங்கள் கிணற்றுக்குக் காரணம் உப்பு என்று நேராகச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். நன்றி அண்ணா.

சேர்வராயன்

அந்த வெளிர் மஞ்சளுக்கு உப்பே வேண்டாம், மலையில் இலை கிடக்கிறது.

ஏற்காட்டில் காபித் தோட்டம், நிழலுக்குச் சில்வர் ஓக் மரம். மிளகுக்கொடி ஏறுவதும் அதில்தான். கவாத்து செய்யும்போது இலை மலைமலையாக விழும், எரிப்போம் அல்லது மட்க விடுவோம். மூன்று வருடத்துக்கு முன்னால் சும்மா ஒரு பழைய வேட்டித் துண்டைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, அப்புறம் படிகாரத்தில் நனைத்து, சில்வர் ஓக் இலை வேகவைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டேன். பழுத்த எலுமிச்சைக்கும் பொன்னுக்கும் நடுவில் ஒரு மஞ்சள். அதிலிருந்து நிறுத்தவில்லை.

இலையையே துணிமேல் பரப்பிச் சுருட்டிக் கயிற்றால் இறுகக் கட்டி இட்லிச்சட்டியில் ஆவியில் வைத்தால் இலையின் உருவம் அப்படியே பதியும். சில்வர் ஓக் இலை நுனிநுனியாகப் பிரிந்து பெரணி இலை மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி. இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்க்கும்போது நரம்பு நரம்பாக வந்திருக்கும். சில இடத்தில் கயிறு இறுகாமல் மங்கலாகிவிடும். கறுப்பு வேண்டுமானால் துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் தண்ணீரும் ஒரு மண்பானையில் மூன்று வாரம் புளிக்க விடுங்கள், கடுக்காயில் ஊறிய துணியில் அதைத் தொட்டால் உடனே கறுக்கும். கலம்காரிக் கறுப்பு இப்படித்தான் வருகிறது. கடுக்காய் மரம் நம் மலையிலேயே இருக்கிறது.

சாயத்தொட்டி

அம்மா, நீங்கள் செய்வது அழகு, மறுக்கவில்லை. ஆனால் இயற்கைச் சாயம் என்றாலே கெடுதல் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறம் பிடிக்கப் படிகாரத்துக்குப் பதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், குரோமியம் உப்பு போடுகிறவர்களும் உண்டு. மயில்துத்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மூலிகைச் சட்டை என்று விற்றால் அது என் தொட்டியைவிட மோசம்.

இன்னொன்று வெயில். மஞ்சள் கிழங்கில் போட்ட நிறம் நம் சேலம் வெயிலில் ஒரு வாரம் நிற்காது. உங்கள் இலை நிறம் எத்தனை நாள் நிற்கிறது?

சேர்வராயன்

நியாயமான கேள்வி. மயில்துத்தம் நான் தொடுவதில்லை, படிகாரமும் இரும்பும் மட்டும்தான். படிகாரத் தண்ணீரைக் கொட்டுவதில்லை, அடுத்த துணிக்கு மேலும் கொஞ்சம் சேர்த்து அதையே பயன்படுத்துவேன்.

வெயிலுக்கு இப்படித்தான் பார்ப்பேன். துணியில் பாதியை அட்டையால் மூடி ஓட்டின்மேல் பத்து நாள் வைப்பேன். சில்வர் ஓக் மஞ்சள் கொஞ்சம் தணியும், போகாது. இலைப் பதிவில் இரும்பு தொட்ட கோடுகள் அப்படியே நிற்கும். காபித் தோலில் போட்ட பழுப்பு நன்றாக நிற்கிறது, ஆனால் குழந்தைக்குப் பழுப்பு யார் போடுவார்கள். ஒன்று ஒத்துக்கொள்கிறேன், ஐந்து மீட்டருக்கு ஒரு மாதிரி, அடுத்த ஐந்து மீட்டருக்கு வேறு மாதிரிதான் வரும். 35 உடுப்பும் ஒரே நிறத்தில் வேண்டுமானால் என்னால் முடியாது.

காபி என்றதும் ஒரு கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். காபிச் சக்கையில் துணி என்று விற்பதில் சக்கையைப் பொடித்துப் பாலியஸ்டர் இழைக்குள் சேர்க்கிறார்கள், தைவானில் வந்த முறை. வியர்வை நாற்றம் குறையும், சீக்கிரம் காயும் என்கிறார்கள். அது பாலியஸ்டர்தான். காபியை மட்டும் நூற்க முடியாது.

ஆத்தூர் மரவள்ளி

எங்கள் ஊரைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை, அதனால் நீளமாக எழுதப் போகிறேன்.

ஆத்தூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் மரவள்ளி. கிழங்கு ஜவ்வரிசிக்குப் போகும், இலையை யாரும் சீந்துவதில்லை, மாடு அதிகம் தின்றால் ஆபத்து என்று வேலி கட்டுவோம். அந்த இலையைத் தின்று வளர்கிற ஒரு பட்டுப்புழு இருக்கிறது, எரிப்பட்டு. அசாமில் ஆமணக்கு இலையில் வளர்ப்பார்கள், மரவள்ளி இலையிலும் வளரும். மல்பெரிப் பட்டுக் கூட்டைப் புழுவோடு வேகவைத்து ஒரே இழையாக உருவுவார்கள். எரிக்கூட்டில் ஒரு முனை திறந்தே இருக்கும், அந்துப்பூச்சி தானே வெளியே போய்விடும், வெறுங்கூட்டைப் பஞ்சு மாதிரி நூற்கலாம். புழு சாகாத பட்டு என்று விற்பது இதனால்தான். ஆனால் முழுதும் எழுதிவிடுகிறேன், அசாமில் அந்தப் புழு உணவும்கூட, அங்கே எல்லாக் கூட்டிலும் பூச்சி பறந்துபோவதில்லை. என் கொட்டகையில் பறக்கவிட்டுத்தான் கூடு எடுக்கிறேன்.

நாலில் ஒரு பங்குக்கு மேல் இலை பறிக்காமல் இருந்தால் கிழங்கு குறைவதில்லை, மூன்று பருவம் பார்த்துவிட்டேன். புரட்டாசியிலிருந்து மாசி வரை நன்றாக வருகிறது. பங்குனி, சித்திரையில் ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டியும் புழு நிற்கவில்லை, ஒரு தட்டு முழுக்கச் சுருண்டு போனதைப் பார்த்த பிறகு கோடையில் முட்டை வாங்குவதை விட்டுவிட்டேன். நூற்க ஆள் இல்லை என்பதுதான் பெரிய தொல்லை. கூடு விற்கிறது, நூலாக விற்றால் இன்னும் நல்ல விலை, நம் மாவட்டத்தில் பத்துப் பெண்கள் நூற்கப் பழகினால் போதும்.

அக்காவின் 35 உடுப்புக்கு இது ஆகாது. விலையும் கட்டாது, கம்பளி மாதிரிக் கதகதப்பு, ஏற்காட்டுக் குளிருக்குச் சால்வை நெய்யலாம். கைக்குழந்தையைச் சுற்றும் துண்டுக்குக் கொஞ்சம் கலந்து நெய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை.

இன்னொன்று, சுவின் பருத்தி. 1974-ல் கோவையிலிருந்து வெளியிட்ட ரகம். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் இரண்டையும் கலந்தது, பெயரிலேயே இருக்கிறது. இந்தியாவிலேயே நீளமான இழை, நூறாம் நம்பருக்கு மேல் நூற்கலாம், நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. எங்கள் ஆத்தூர் வட்டாரத்தில் விளைந்தது அது. என் தாத்தா போட்டார். பயிர்க்காலம் நீளம், மருந்துச் செலவு, பறிக்க ஆள் இல்லை, அப்பா காலத்தில் மரவள்ளிக்கு மாறிவிட்டோம். இவ்வளவு நல்ல பஞ்சு விளைந்த மண்ணில் இருந்துகொண்டு வெளியூர் மூங்கிலை 340 ரூபாய்க்கு வாங்குகிறோமே என்று படித்ததும் வயிறு எரிந்தது.

கைத்தறி டிப்ளமோ

வாழைநாரைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள் அக்கா, இங்கேயே எழுதுகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் அனகாபுத்தூரில் வாழைநார்ச் சேலை நெய்கிறார்கள். நார் விறைப்பு, நீளமும் கொஞ்சம்தான், ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இணைக்க வேண்டும், நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவுக்குத் தாங்காமல் ஊடையில் மட்டும் போடுகிறார்கள். குழந்தை உடம்புக்கு உறுத்தும்.

திருப்பூர் வெட்டுத்துண்டை நிறம்வாரியாகப் பிரித்து, பிய்த்து, மறுபடி நூற்கிற ஓப்பன் எண்ட் நூலும் இருக்கிறது. பழைய நிறமே புது நிறம், சாயம் போடுகிற வேலையே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் 20-ஆம் நம்பருக்குள் தடித்த நூல்தான் வரும். பைக்கும் விரிப்புக்கும் சரி, கைக்குழந்தைக்கு வேண்டாம்.

ஆர்கானிக் பருத்தி என்று யாராவது கொடுத்தால் ஜி.ஓ.டி.எஸ். என்கிற உலக ஆர்கானிக் ஜவுளித் தரச் சான்று கேளுங்கள். ஆர்கானிக் என்றே எழுத வேண்டுமானால் குறைந்தது 95 சதவீதம், ஆர்கானிக் நாரால் செய்தது என்று சதவீதம் போட்டு எழுத 70 சதவீதம். சான்றைப் பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது, 2020-ல் நம் நாட்டில் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்று இருந்ததை அந்த அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. உங்கள் சரக்கின் பில்லோடு சேர்ந்த பரிவர்த்தனைச் சான்றைக் கேளுங்கள், சுவரில் மாட்டியிருக்கிற சான்று போதாது.

குகைத்தறி

எல்லோரும் நார், சாயம் என்று எழுதிவிட்டீர்கள். நடுவில் கஞ்சி இருக்கிறது.

பாவு தறியில் ஏறுவதற்கு முன்னால் கஞ்சி போட்டால்தான் அச்சில் உரசி அறாமல் இருக்கும். சின்ன வயதில் எங்கள் பாவடியில் விடிவதற்கு முன்னால் ஆரம்பித்துவிடுவோம். பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று பெரிய பிரஷ்ஷால் ஒரே வீச்சாக இழுத்துக்கொண்டே நடப்போம், கடைசியில் தேங்காயெண்ணெய் ஒரு கை. வெயில் ஏறினால் இழை ஒட்டிக்கொள்ளும், அதனால் யாரும் பேசக்கூட மாட்டார்கள். வழிந்த கஞ்சியைக் கோழி கொத்தித் தின்னும். அந்தத் தெருவில் சாக்கடைக்குப் போனது அவ்வளவுதான்.

இப்போது வேகமான தறிகளுக்கு ஸ்டார்ச்சோடு பி.வி.ஏ. என்கிற ரசாயனப் பசை கலக்கிறார்கள். அது சுலபத்தில் மக்காது. ஆத்தூர்த் தம்பியின் மரவள்ளி மாவு நல்ல பாவுக்கஞ்சி, நெசவாலைகளுக்கு இங்கிருந்துதான் போகிறது. அதையும் ஆற்றில் அப்படியே விட்டால் கெடுதல்தான், மக்கும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மீன் சாகும். ஆனால் கைத்தறிக்கு வேண்டிய கஞ்சி கொஞ்சம்தான்.

தங்கச்சி, நான் நேராகக் கேட்கிறேன். 40 மீட்டர் வேண்டுமா? 40-ஆம் நம்பர் பருத்தி, பாவும் ஊடையும் அதே, வெறும் கஞ்சிப் பாவு. எடை ஐந்து கிலோ நூலுக்குள் அடங்கும். ஒரு குழித்தறியில் நாளுக்கு நாலு மீட்டர் என்று வைத்தால் பத்து நாள். பாதியை நூல் நிறத்திலேயே விட்டுவிடுங்கள், வெளுக்கவும் வேண்டாம். வெளுத்தே ஆக வேண்டுமானால் பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பெராக்சைடு, அது கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். மீட்டர் 260 ரூபாய் எனக்குக் கட்டும். மின்சாரம் கிடையாது, வெளிச்சத்துக்கு ஒரு பல்பு.

இளம்பிள்ளை விசைத்தறி

குழந்தைக்கு இது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மீட்டர் 260 ரூபாய் எல்லோராலும் கொடுக்க முடியாது. எங்கள் தெருவில் நூறு ரூபாய்க்கு உடுப்பு கேட்கிற வீடுகளுக்கு என்ன பதில்?

செவ்வாய்ப்பேட்டை டெய்லர்

அதற்கு நான் ஒன்று சொல்லலாமா. நாற்பது வருடம் தைத்தேன், இப்போது கண் சரியில்லை, மகன் பார்த்துக்கொள்கிறான்.

முன்பெல்லாம் வளர்கிற பிள்ளைக்குத் துணி தைத்தால் கீழ் மடிப்பில் மூன்று அங்குலம், பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைப்போம். தோளில் இரண்டு சின்ன டக் பிடிப்போம். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம், ஒரே கவுன் மூன்று தீபாவளி பார்க்கும், அப்புறம் தங்கைக்குப் போகும். இப்போது ரெடிமேடில் கால் அங்குலம் விட்டு ஓவர்லாக் அடித்து வெட்டிவிடுகிறார்கள், பிரிக்க ஒன்றும் இருக்காது, ஆறு மாதத்தில் தூக்கிப்போட வேண்டியதுதான். ஒரு உடுப்புக்குக் கூடுதலாகப் போவது கால் மீட்டர் துணி. 260 ரூபாய்த் துணியில் தைத்து மூன்று வருடம் போட்டால் நூறு ரூபாய் உடுப்பைவிடக் கட்டும் தம்பி.

பொன்னம்மாபேட்டை தையலகம்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உடுப்பு கேட்ட அந்த அம்மாவிடம் இந்த உரையாடலை முழுதும் காட்டினேன். உப்புக் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தி, கறுப்பு ரிப்பன் வைக்கச் சொல்லியிருந்தேனே, வேண்டாம் என்றார்.

முடிவு செய்தது இது. குகை அண்ணாவிடம் 48 மீட்டர். டெய்லர் ஐயா சொன்னபடி உள்ளே விட்டுத் தைக்கக் கூடுதலாக எட்டு மீட்டர் சேர்த்தேன். நூல் நிறத்தில் பாதி, மீதிக்குச் சாயத்தொட்டி அண்ணா வேலை செய்கிற பட்டறையில் வெளிர் மஞ்சள். ஏற்காட்டு அக்கா முழு உடுப்புக்கும் இல்லாமல் உடுப்பில் தைக்கிற பைக்கு மட்டும் 35 துண்டு இலைப் பதிவு செய்து தருகிறார், ஒவ்வொரு பையும் வேறு மாதிரி இருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்த அம்மாவே சொன்னார்.

பொன்னம்மாபேட்டை தையலகம் (நான்கு வாரம் கழித்து)

29 முடிந்துவிட்டது. ஒரு விஷயம் மற்றவர்களுக்கும் பயன்படும். கைத்தறித் துணியை வந்ததும் வெட்டாதீர்கள். முதல் துண்டை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து அளந்தேன், மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் நீளம் சுருங்கியிருந்தது. மொத்தத்தையும் நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்திரி வைத்தேன். மாதிரிக் கவுனை ஆறு தடவை முறுக்கிப் பிழிந்துவிட்டேன், கக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. இலைப் பையில் மஞ்சள் கொஞ்சம் தணிந்தது, நரம்புக் கோடு அப்படியே இருக்கிறது.

அந்த 12 மீட்டர் விஸ்கோஸில் பதினொன்று மீதி இருக்கிறது, அதை என்ன செய்வது?

குகைத்தறி

எறிந்துவிடாதீர்கள். முறுக்கிப் பிழிய வேண்டாத இடத்துக்குப் போடுங்கள். பெரிய பெண்களின் பாவாடைக்கு உள்துணி, தலையணை உறை. துவைத்தால் உதறி நிழலில் காயப்போடச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர்களிடம் விஸ்கோஸ் என்றே சொல்லுங்கள்.

ஆத்தூர் மரவள்ளி

அக்கா, ஐப்பசியில் கூடு வரும். தக்கிளியில் நூற்க உங்கள் தெருவில் யாருக்காவது ஆசை இருந்தால் கேட்டு வையுங்கள், இரண்டு கிலோ கூடு நானே கொண்டுவந்து தருகிறேன்.

பொன்னம்மாபேட்டை தையலகம்

காஜா எடுக்க வருகிற பாட்டி சர்வோதய சங்கத்துக்கு ராட்டையில் நூற்றவராம், இன்றைக்குத்தான் சொன்னார். கொண்டு வாங்க.